தொழிலாளி போடவேண்டிய 'லாக்-அவுட்'

(நமது போபோடி நிருபர்)

'லாக்-அவுட்' என்றால் நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். காலை ஷிப்டுக்குப் போகும்போது கேட் பூட்டியிருக்கும். நோட்டீஸ் ஒட்டியிருக்கும். முதலாளி கதவடைப்பு செய்துவிட்டார் என்று அர்த்தம். பிம்ப்ரி, போசரி பக்கம் வேலை செய்து தலை நரைத்தவர்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னாலே முகம் மாறிவிடும்.

அதே வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு. எந்திரத்தைப் பழுது பார்க்கப் போகிறவர், வேறு யாரும் அதை ஓட்டிவிடாதபடி தன் கையால் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கும் 'லாக்-அவுட்' என்றுதான் பெயர். இந்த இரண்டாவது பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் குறைவு. பிரஸ் எந்திரத்தில் மின்சாரத்துக்குப் பூட்டுப் போட்டால் மட்டும் போதாது, காற்றுக்கும் போடவேண்டும் என்று அறிந்தவர்கள் அதிலும் குறைவு.

நான் ரயில்வேயில் கிளார்க். டிக்கட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் சரியாகத் தெரியாது. பணத்தை நீட்டும் கைதான் தெரியும். லோணாவளா லோக்கலுக்கு மாத சீசன் எடுக்க வருகிறவர்களில் ஒரு விரல் இல்லாத கை, இரண்டு விரல் இல்லாத கை, கட்டைவிரல் பாதியோடு நின்றுபோன கை என்று பார்த்திருக்கிறேன். மீதிச் சில்லறையை வழவழப்பான பலகையிலிருந்து பொறுக்க அவர்கள் சிரமப்படுவார்கள். நாணயத்தை விளிம்பு வரை தள்ளிவிடுவேன். என்ன ஆயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பிரஸ்ஸில் போய்விட்டது."

சென்ற மழைக்காலத்தில் போபோடியில் எங்கள் சாலில் குடியிருக்கும் ஒரு தம்பிக்கும் அப்படிப் போய்விட்டது. ஊர் வேலூர் பக்கம். வயது 25. போசரியில் வாகன உதிரிபாகம் அடிக்கும் ஒரு பட்டறையில் காண்டிராக்டில் வேலை. அவனுடைய தம்பியும் அதே பட்டறைதான். விபத்து நடந்த அன்று இரவு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வலது கையில் கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பேச வரவில்லை. மூன்றாம் நாள்தான் பேசினான்.

"மோட்டாரை நிறுத்தித்தான் கை வைத்தேன் அண்ணே. ஸ்லைடு மேலே இருந்து வந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி கீழே இருந்து வந்தது."

சூப்பர்வைசரைக் கேட்டால் அவர் சொல்வதும் பொய் இல்லை. "பிஜ்லி பந்த் தீ" என்கிறார். மின்சாரம் நிறுத்தித்தான் இருந்தது. அதற்கு மேல் அவர் சொன்ன வார்த்தைதான் தவறு. "கல்தி உஸ்கி ஹை", தப்பு அவனுடையது என்றார்.

தப்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன்னால், கீழே இருந்து வந்த அடி எது என்று பார்க்கவேண்டும்.

சைக்கிள் ட்யூபும் பிரஸ்ஸும்

சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம். பம்பை எடுத்துவிட்டோம். ட்யூபில் காற்று போய்விட்டதா? இல்லை. விறைப்பாகத்தான் இருக்கிறது. பிரஸ் எந்திரத்தில் நடப்பதும் இதுவே. கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிக்கு அனுப்புகிறது. தொட்டியிலிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் போகிறது. மோட்டாரை நிறுத்தினாலும், மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாலும், கம்ப்ரசரையே நிறுத்தினாலும், உள்ளே போன காற்று உள்ளேயேதான் இருக்கும்.

அதன் பலம் எவ்வளவு? பட்டறைகளில் சாதாரணமாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தத்தில் காற்று ஓடும். 100 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள சின்ன சிலிண்டரில் அது 470 கிலோ எடையோடு தள்ளும். 150 மில்லிமீட்டர் சிலிண்டர் என்றால் ஆயிரத்து அறுபது கிலோ. 75 கிலோ அரிசி மூட்டை பதினான்கை ஒன்றாகக் கட்டித் தலைமேல் தொங்கவிட்டிருந்தால் அதன் அடியில் யாராவது கையை நீட்டுவார்களா? காற்று கண்ணுக்குத் தெரியாததால் நீட்டுகிறார்கள்.

பிரஸ்ஸில் இந்தக் காற்று ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிளச்சில் இருக்கும். ஸ்லைடின் எடையைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் உள்ள பாலன்ஸ் சிலிண்டர்களில் இருக்கும். டைக்குக் கீழே, தகட்டை மேல்நோக்கித் தாங்கும் குஷனில் இருக்கும். எந்திரத்தோடு ஒட்டிய சிறு தொட்டி ஒன்றிலும் சேர்ந்திருக்கும். அந்தத் தொட்டிக்கு முன்னால் காற்றைத் திரும்பவிடாத வால்வு இருப்பது வழக்கம். அதனால் வெளியே லைனை மூடினாலும் தொட்டி காலியாவதில்லை. எங்கள் சால் தம்பியை அடித்தது குஷன். தகடு டைக்குள் சிக்கி, ஸ்லைடு பாதியில் நின்றது. குஷன் அமுங்கிய நிலையில் காற்றோடு காத்திருந்தது. கம்பியால் நெம்பித் தகட்டை விடுவித்தான். குஷன் மேலே எழும்பியது. நடுவில் அவன் விரல்கள்.

ரயில்வேக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். நம் ரயில் நிற்பதும் ஓடுவதும் காற்றால்தான். பெட்டிகளின் அடியில் ஓடும் பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம். காற்று இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். யாராவது அபாயச் சங்கிலியை இழுத்தால் குழாயிலிருந்து காற்று வெளியேறும், பிரேக் பிடிக்கும். அதாவது காற்று போனால் ரயில் நிற்கும். பிரஸ்ஸின் கிளச்சும் அப்படித்தான். காற்று போனால் கிளச்சு விடும், ஸ்பிரிங் பிரேக் பிடிக்கும். ஆகையால் காற்றைத் திறந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து. அதே எந்திரத்தில் ஸ்லைடைத் தாங்கிக்கொண்டிருப்பதும் காற்றுதான். பாலன்ஸ் சிலிண்டரிலிருந்து காற்றை விட்டால், பிரேக் தேய்ந்திருந்தாலோ, இணைப்பைக் கழற்றியிருந்தாலோ, ஸ்லைடு தன் எடையால் கீழே இறங்கிவிடும். டையின் மேல்பாதியும் அதோடு சேர்ந்து வரும். ஒரே காற்று ஓரிடத்தில் பிடித்து நிறுத்துகிறது, மற்றோரிடத்தில் தூக்கிப் பிடிக்கிறது. "காற்றை அடைத்துவிட்டேன்" என்பதும் போதாது, "காற்றைத் திறந்துவிட்டேன்" என்பதும் போதாது. முதலில் ஸ்லைடுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். பிறகுதான் காற்றைத் திறக்கவேண்டும். இந்த வரிசை மாறினால் வைத்தியனே நோயாளி ஆவான்.

பூட்டுவது எப்படி?

நன்றாக நடக்கும் பெரிய தொழிற்சாலைகளில் இதற்கு முறை இருக்கிறது. அந்த எந்திரத்தில் வேலை செய்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுவார்கள். மோட்டாரை நிறுத்தி, பெரிய சக்கரம் முழுவதும் சுற்றி ஓயும்வரை காத்திருப்பார்கள். அந்தச் சக்கரம் சுவிட்சை அணைத்த பிறகும் நிமிஷக் கணக்கில் சுற்றும். மெயின் சுவிட்சைப் பூட்டுவார்கள். ஸ்லைடுக்கும் கீழ் மேசைக்கும் நடுவே உலோகக் கட்டையை முட்டாக நிறுத்துவார்கள். கிடைத்த மரத்துண்டை அல்ல, அந்த எடைக்கென்று செய்த கட்டையை. சில இடங்களில் அந்தக் கட்டையோடு ஒரு மின்பிளக்கைச் சங்கிலியில் கோத்திருப்பார்கள். கட்டையை எடுக்க வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். பிளக் வெளியே இருந்தால் மோட்டார் ஓடாது. இதை யோசித்த புண்ணியவான் யாரோ தெரியாது.

பிறகு காற்று. அந்த பிரஸ்ஸுக்குப் போகும் லைனில் உள்ள வால்வை மூடுவார்கள். அது சாதாரண வால்வு அல்ல. மூடும்போதே எந்திரத்தின் பக்கம் உள்ள காற்றை வெளியே விட்டுவிடும் வால்வு. 'புஸ்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கைப்பிடியில் துவாரம் இருக்கும். மூடிய நிலையில்தான் அதில் பூட்டு நுழையும். சிறு தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து அதையும் காலி செய்வார்கள். குஷன் காற்றையும் தனியே இறக்குவார்கள். அழுத்தமானியைப் பார்ப்பார்கள். ஆனால் முள் சைபருக்கு வந்துவிட்டது என்று நம்பிவிடக்கூடாது. அந்தக் கருவி, தான் பொருத்தப்பட்ட இடத்தில் உள்ள அழுத்தத்தை மட்டுமே காட்டும். முள் ஒட்டிக்கொண்ட கருவிகளும் உண்டு.

கடைசியில் சோதனை. எல்லோரையும் விலக்கி நிறுத்தி, ஓட்டும் பட்டன்களை அழுத்திப் பார்ப்பார்கள். எதுவும் அசையவில்லை என்றால்தான் கை உள்ளே போகலாம். சிவப்புக் காளான் போன்ற அவசர பட்டனை அழுத்தியிருக்கிறேனே, அது போதாதா என்று ஒரு தோழர் கேட்டார். போதாது. அது ஓட்டத்தை நிறுத்துவதற்கு. யாரும் திருகி விடுவித்துவிடலாம். சிலிண்டரில் உள்ள காற்றை அது காலி செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டு கைப் பட்டன், ஒளித்திரை இவையும் உற்பத்தி நேரத்துக்கான காவல். ரிப்பேர் நேரத்துக்கு அல்ல.

திரும்பக் காற்று கொடுக்கும்போதும் கவனம் தேவை. காலியான சிலிண்டரில் சட்டென்று ஆறு கிலோ காற்று பாய்ந்தால் அது எந்த மூலையில் நிற்கிறதோ அங்கிருந்து துள்ளும். மெள்ளத் திறக்கவேண்டும். அதற்கென்றே மெதுவாகக் காற்றை ஏற்றும் வால்வுகளும் கிடைக்கின்றன.

பூட்டு விஷயத்தில் ஒரு விதி உண்டு. ஓர் ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை எந்திரம் ஓடாது. ஷிப்டு மாறினால், வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் தன் பூட்டை எடுப்பார். ஒற்றை வழி ரயில் பாதையில் நீல் டோக்கன் என்ற இரும்புப் பந்தை டிரைவர் கையில் கொடுப்பது இதே யோசனைதான். பந்து ஒரு டிரைவரிடம் இருந்தால் இன்னொரு ரயிலுக்கு அந்தப் பந்து கிடைக்காது. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவரா கெட்டவரா, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று டிரைவர் கவலைப்பட வேண்டியதில்லை. உயிர் அவர் கையிலேயே இருக்கிறது. மின்சார ரயில் பாதையில் 25 ஆயிரம் வோல்ட் கம்பியைத் தொடப் போகிறவர்களும், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற தகவலோடு விட்டுவிடுவதில்லை. இரு பக்கமும் கம்பியை பூமியோடு இணைத்து, மிச்சம் இருப்பதையும் இறக்கிவிட்டுத்தான் தொடுகிறார்கள்.

வால்வு எங்கே?

இவ்வளவும் படித்துவிட்டு, "நம் ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள், அதனால்தான் விரல் போகிறது" என்று யாராவது சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பட்டறையைப் போய்ப் பார்த்த பிறகு நினைப்பு மாறிவிட்டது.

எட்டு பிரஸ்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு கிளை இறங்குகிறது. கிளைகளில் தனி வால்வு இல்லை. எட்டுக்கும் சேர்த்து ஒரே வால்வு, கோடியில், கம்ப்ரசர் அறைச் சுவரில். ஒரு பிரஸ்ஸில் தகடு சிக்கினால், காற்றை அடைக்க வேண்டுமானால், மற்ற ஏழும் நிற்கவேண்டும். ஏழு பேர் பீஸ் கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஷிப்டில் இப்படி எத்தனை முறை சிக்கும்? எந்தத் தொழிலாளிக்கு மற்ற ஏழு பேரின் வேலையை நிறுத்தும் தைரியம் வரும்? எந்த சூப்பர்வைசர் அனுமதிப்பார்?

ஆகவே யாரும் அடைப்பதில்லை. மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டுக் கையை விடுகிறார்கள். நூறு முறை ஒன்றும் ஆகவில்லை. அந்த நூறு முறைதான் பழக்கமாகிவிட்டது. நூற்றோராவது முறை ஆளுக்கு 'அஜாக்கிரதை' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பூட்ட வால்வே இல்லாத இடத்தில் ஏன் பூட்டவில்லை என்று தொழிலாளியைக் கேட்பதில் என்ன நியாயம்?

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் காற்றை வெளியேற்றிப் பூட்டும் தனி வால்வு ஒன்று. அதுதான் முதல் தேவை. பூட்டின் விலை சில நூறு ரூபாய்தான். வால்வு அதைவிடக் கூடுதல். ஆனால் பிரஸ்ஸின் விலையோடு பார்த்தால் ஒன்றும் இல்லை. காற்று எந்திரங்களுக்கு நம் பக்கம் பஞ்சமும் இல்லை. பாலத்தைத் தாண்டினால் தாபோடி. அங்கே அட்லாஸ் காப்கோ கம்பெனி பல ஆண்டுகள் கம்ப்ரசர் செய்தது. ஹடப்சரில் கிர்லோஸ்கர் நியூமாட்டிக் 1958-ல் தொடங்கியது. நாட்டுக்கே கம்ப்ரசர் கொடுத்த ஊரில் வால்வு கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 24-வது பிரிவில் 1976-ம் ஆண்டில் ஒரு துணைப்பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். 'பவரை'த் துண்டிக்கும் சாதனம் தற்செயலாக 'ஆப்' நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்கு நழுவக்கூடியதாக இருந்தால், அதைப் பத்திரமான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. 'பவர்' என்றால் மின்சாரம் மட்டும் அல்ல. மனிதனோ விலங்கோ உண்டாக்காத, எந்திர வழியில் கடத்தப்படும் வேறு எந்தச் சக்தியும் 'பவர்'தான் என்று அதே சட்டத்தின் 2-வது பிரிவு விளக்கியது. அழுத்தக் காற்றை இதிலிருந்து விலக்க இடம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் துண்டித்த பிறகு உள்ளே தேங்கி நிற்பதை வெளியேற்று என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதற்கான தனி விதி 1989 செப்டம்பரில்தான் வெளியானது. 1990 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நம் துணைப்பிரிவுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிந்தியது. ஆனால் அதில் விஷயம் முழுவதும் இருக்கிறது. பூட்டிய பிறகு தேங்கிய சக்தி எல்லாவற்றையும் வெளியேற்றவேண்டும், அல்லது முட்டுக் கொடுத்துத் தடுக்கவேண்டும், பிறகு சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அது கூறுகிறது. அந்த விதி வேண்டும் என்று முன்பே வற்புறுத்தியது அங்குள்ள கார் தொழிலாளர் சங்கம். 1973 முதல் 1995 வரை தன் உறுப்பினர்களில் வேலையில் இறந்த 414 பேரின் கணக்கை அது எடுத்தது. 83 பேரின் சாவுக்கு இந்தப் பூட்டு முறை சரியாக இல்லாததே காரணம் என்று கண்டது. ஐந்தில் ஒருவர்!

இப்போது நம் நாட்டில் சட்டம் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. தொழிற்சாலைச் சட்டம் 2020-ம் ஆண்டுப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. வேலி அமைப்பது, பூட்டுவது போன்ற விவரங்கள் இனி மத்திய அரசு அறிவிக்கும் தரங்களிலும் விதிகளிலும் வரவேண்டும். இன்ஸ்பெக்டருக்கு 'இன்ஸ்பெக்டர்-கம்-பெசிலிடேட்டர்' என்று பெயர் நீண்டிருக்கிறது.

நம்மவர்கள் கவனிக்கவேண்டிய மாற்றம் வேறு. மின்சாரத்தால் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது 'தொழிற்சாலை' என்றது 1948-ம் ஆண்டுச் சட்டம். புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். 10 பேர் முதல் 19 பேர் வரை உள்ள பட்டறை 'நிறுவனம்' என்ற அளவில் பொதுவான கடமைகளுக்குக் கட்டுப்படும். தொழிற்சாலைக்கென்று உள்ள அத்தியாயம் அதற்கு இல்லை. பத்துக்கும் குறைந்தால் பெரும்பாலும் அதுவும் இல்லை. விரல் போவது எங்கே? எட்டுப் பத்து பேர் வேலை செய்யும் இப்படிப்பட்ட பட்டறைகளில்தான் என்பதை டிக்கட் ஜன்னலில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

நல்ல அம்சங்களும் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ப்பவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தாகவேண்டும். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியிடமும், அதே சமயம் இன்ஸ்பெக்டரிடமும் தெரிவிக்க உரிமை உண்டு. கடமை தவறியதால் விபத்து நேர்ந்து ஒருவர் இறந்தால், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் முதல் 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் காயம்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம்.

பெரிய தொழிற்சாலை என்றால் கவலை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2010 அக்டோபர் 31-ந் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பலகை ஏற்றும் எந்திரத்தில் கழுத்து சிக்கி ஓர் இளம்பெண் தொழிலாளி உயிரிழந்தார். அது பிரஸ் அல்ல. உலகப் புகழ்பெற்ற கம்பெனியின் எந்திரம். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த அந்த ஆலை 2014 நவம்பர் 1-ந் தேதி மூடப்பட்டது. எந்திரம் புதியதா பழையதா என்பது அல்ல விஷயம். உடம்பின் ஒரு பாகம் உள்ளே இருக்கும்போது அது அசைய வழி இருக்கிறதா என்பதுதான்.

கணக்கு

விரலுக்கும் சட்டத்தில் விலைப்பட்டியல் இருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஒரு கையில் இரண்டு விரல் என்றால் 20 சதவீதம். மூன்று என்றால் 30. நான்கு என்றால் 50. கையே போனால் 60.

ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கு நஷ்டஈடு எவ்வளவு? 2020 ஜனவரியில் அறிவித்த 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்துப் பார்ப்போம். அதில் 60 சதவீதம் 9,000. 25 வயதுக்கு உரிய பெருக்கு எண் 216.91. இரண்டையும் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். இது சின்னப் பட்டறைக்கும் பொருந்தும். ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வழி வேறு. வேலைக்குப் போகமுடியாத காலத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மெடிகல் போர்டு சொல்லும் சதவீதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும்.

ஆனால் பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை எப்போது கிடைக்கிறது தெரியுமா? 'சேப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் 'க்ரஷ்ட்' என்ற பெயரில் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. வடக்கே மானேசர், பரிதாபாத் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிலில் காயம்பட்டவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியது அது. கை நசுங்கும் விபத்துகளில் பவர் பிரஸ்தான் முதலிடம். காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். பலருக்கு விபத்து நடந்த பிறகுதான் அட்டை கொடுக்கப்பட்டது. நம் கதையும் அதுதான். மொழி மட்டும் வேறு.

ஒரு விஷயத்தை நம்மவர்கள் நினைவில் வைக்கவேண்டும். வெறும் அஜாக்கிரதை என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்க முடியாது. குடித்திருந்தார், தெரிந்தே விதியை மீறினார், தெரிந்தே காவல் கவசத்தைக் கழற்றினார் என்ற காரணங்களில்தான் முதலாளி தப்பமுடியும். சாவும் முழு நிரந்தர ஊனமும் நேர்ந்தால் அந்தக் காரணங்களும் செல்லாது. பழைய சட்டத்திலும் அப்படித்தான், புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அப்படித்தான். ஆகவே விபத்து நடந்தவுடன் வெற்றுக் காகிதத்திலோ, மராத்தியில் எழுதியிருப்பது புரியாமலோ கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. எங்கள் சால் தம்பியிடமும் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வலது கையில் கட்டு இருந்ததால் கையெழுத்துப் போட முடியவில்லை. கைநாட்டு வைக்கச் சொல்லி மை டப்பாவைத் திறந்தபோது, பத்தாவது படித்த அவன் தம்பி தாளை வாங்கிப் படித்தான். 'எந்திரம் ஓடும்போது நானே கவசத்தைக் கழற்றிக் கை வைத்தேன்' என்று அதில் எழுதியிருந்தது.

மனு போட்டாயிற்று. தேதி வாங்கியிருக்கிறார்கள். தம்பி இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறான்.

பட்டறையிலும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. எட்டு பிரஸ்ஸில் முதல் இரண்டுக்குச் சிவப்புக் கைப்பிடி போட்ட தனி வால்வு வந்துவிட்டது. பூட்டும் தொங்குகிறது. மற்ற ஆறுக்கும் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இளையவன் இப்போது வேலை செய்வது ஐந்தாவது பிரஸ்ஸில்.